ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஆக்கவுரிமைக் காரியாலயத்துக்கு

இக்குரலை உங்கள் செவிகளுக்குக் கொண்டுவரும் வானொலிப் பெட்டியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதனுள்ளே நலிந்த மின்குறிகளைப் பெருக்கும் உறுப்புகள் உள. வேண்டிய அலையைத் தெரிந்து வேண்டாததை ஒதுக்கும் சுற்றுகள் உள. வெப்பத்தினாலே ஓசை கெடாது காக்கும் சிறு சிறு உபாயங்களும் உள. இவற்றுள் ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் எவரோ ஒருவருடைய உள்ளத்தில் தோன்றிய புதிய எண்ணமாக இருந்தது. அவர் அதனைத் தாளில் எழுதினார், படம் வரைந்தார், இஃது எனது ஆக்கம், இதற்குரிய உரிமையை எனக்குத் தருக என்று ஓர் அரசாங்கத்திடம் விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பத்தை அங்கே ஒருவர் இருந்து எழுத்தெழுத்தாகப் படித்தார். பழைய ஏடுகளோடு ஒப்பிட்டார். உரிமை கொடுக்கலாம் என்றோ கொடுத்தலாகாது என்றோ தீர்மானித்தார். ஆக்கியவருடைய பெயரை உலகம் ஓரளவு அறியும். படித்துத் தீர்மானித்தவருடைய பெயரை அறிந்தவர் மிகச் சிலர். அவரைப் பற்றியதே இன்றைய பேச்சு.

அவரை ஆக்கவுரிமைப் பரிசோதகர் என்று கூறுவோம். ஆங்கிலத்திலே பேற்றன்ற் என வழங்குவதையே நாம் ஆக்கவுரிமை என்கின்றோம். இப்பணியில் அமர்பவர் சட்டம் மாத்திரம் கற்றவர் என்று பலர் எண்ணுவர். உண்மை வேறு. விஞ்ஞானத்திலோ பொறியியலிலோ பட்டம் பெற்றவரையே பெரிய காரியாலயங்கள் இதற்குத் தெரிந்தெடுக்கின்றன. அவர்களுட் பலர் சில ஆண்டுகளேனும் ஆராய்ச்சிக் கூடத்திலே உழைத்தவர்கள். இலத்திரனியற் பொறியியலாளர் ஒருவர், தம் கையினாற் சுற்றுகளை அமைத்துச் சோதித்து வந்தவர், ஒருநாள் அக்கருவிகளை விட்டு நீங்கி மேசை முன் அமர்ந்து பிறருடைய ஆக்கங்களைப் படிக்கப் புகுகின்றார். இது வளர்ச்சியா, தளர்ச்சியா? ஆராய்ச்சியைக் கைவிட்டவர் என்று அவரை இரங்க வேண்டுமா? அல்லது ஆராய்ச்சியின் பயனை வேறோர் இடத்திற் செலுத்துகின்றார் என்று மதிக்க வேண்டுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன்னர், ஆக்கவுரிமை யாது, அதனைப் பரிசோதிக்க வேண்டியது ஏன் என்பவற்றைத் தெளிந்துகொள்ளுதல் நன்று.

ஆக்கவுரிமை என்பது சமுதாயத்துக்கும் ஆக்கியவருக்கும் இடையே நிகழும் ஓர் உடன்படிக்கை. ஆக்கியவர் தம் இரகசியத்தை மறைக்காது, அத்துறையிலே தேர்ந்த பிறரும் செய்து பார்க்கத்தக்கவாறு முற்றாக எழுதிக் கொடுத்தல் வேண்டும். அதற்குக் கைம்மாறாக, ஒரு குறித்த காலம் வரை அவருடைய அனுமதியின்றிப் பிறர் அதனைத் தொழில்முறையிற் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு தடை விதிக்கும். 1474ஆம் ஆண்டிலே வெனிசு நகரக் குடியரசு இயற்றிய சட்டம் இக்காலத்தைப் பத்தாண்டாக வகுத்தது. 1624இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் செய்த சட்டம் பதினான்கு ஆண்டுகள் என்றது. இன்று பெரும்பாலான நாடுகளில், விண்ணப்பித்த நாள் தொடக்கம் இருபது ஆண்டுகள். இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருபது ஆண்டுகளையே விதித்துள்ளது. காலம் முடிந்தபின் அவ்வறிவு எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

உடன்படிக்கை நியாயமானதாக இருத்தல் வேண்டுமாயின், கொடுக்கும் பொருள் உண்மையிற் புதிய பொருளாக இருத்தல் வேண்டும். எல்லோரும் முன்னரே அறிந்த ஒன்றை ஒருவர் தமதென்று எழுதிக் கொடுத்து இருபதாண்டு உரிமை பெறுவாராயின், அது பொதுக் கிணற்றுக்கு வேலியடைத்துத் தண்ணீரை விலைக்கு விற்பதை ஒக்கும். எனவே, எவரேனும் ஒருவர் இருந்து சோதித்தல் வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1790ஆம் ஆண்டிற் சட்டம் பிறந்தபோது, இராசாங்க அமைச்சராய் இருந்த தோமஸ் ஜெபர்சன், போர் அமைச்சர், சட்டமா அதிபர் ஆகிய மூவரும் தாமே விண்ணப்பங்களைப் பார்த்தனர். நாட்டை நடத்தும் பெரும் பொறுப்போடு இதனையும் சுமத்தல் அவர்களுக்கு இயலவில்லை. ஆதலால் 1793இற் பரிசோதனை நீக்கப்பட்டு வெறும் பதிவு முறை வந்தது. கேட்டவர்க்கெல்லாம் உரிமை கிடைத்தது. ஒரே பொருளுக்குப் பலர் உரிமை பெற்று நீதிமன்றங்களிற் போராடினர். நாற்பத்துமூன்று ஆண்டுகள் சென்றபின், 1836ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெற்ற பரிசோதகர்களை நியமித்துப் பழைய முறையைச் செம்மையாக மீட்டது. பிரான்சிலோ 1844ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பரிசோதனையின்றியே உரிமை வழங்கப்பட்டது. அரசாங்கத்தின் உத்தரவாதம் இன்றி என்னும் வாசகத்தைப் பொருளின்மேற் பொறித்துவிட வேண்டும் என்பதே அங்கிருந்த ஏற்பாடு. தாம் கொடுக்கும் பத்திரத்துக்குத் தாமே பிணை நிற்க மறுக்கும் அரசை நினைக்கும்போது, பரிசோதகர் ஒருவருடைய அருமை நன்கு விளங்கும்.

இனி, நமது பொறியியலாளரைத் தொடர்ந்து செல்வோம். எடுத்துக்காட்டாக ஐரோப்பிய ஆக்கவுரிமைக் காரியாலயத்தைக் கொள்வோம். 1973ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் நாள் மியூனிக் நகரிற் கையெழுத்தான உடன்படிக்கையினால் அமைந்து, 1978ஆம் ஆண்டு யூன் முதலாந் தேதி தொடக்கம் விண்ணப்பங்களை ஏற்று வருவது அது. தலைமையிடம் மியூனிக், ஹேக் நகருக்கு அண்மையிலும், பேர்லினிலும், வியன்னாவிலும் கிளைகள் உள. 2022இல் மொன்ரனீக்ரோ சேர்ந்ததோடு உறுப்பு நாடுகள் 39 ஆயின. 2023ஆம் ஆண்டிலே மாத்திரம் 1,99,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் அங்கே வந்தன.

பல்கலைக்கழகத்திற் பட்டமும் மேற்பட்டமும் பெற்ற பொறியியலாளர், சில ஆண்டுகள் ஆராய்ச்சிக் கூடத்திலே கழிக்கின்றார். அங்கே அவர் பணி மிக ஒடுங்கிய ஒரு துறையில் ஆழ்ந்து செல்வது. ஒரு பெருக்கியிலே எழும் இரைச்சலைச் சிறிது குறைப்பதற்கு ஓராண்டு முழுவதும் செல்லலாம். பத்துச் சோதனைகளில் ஒன்பது வீணாகும். பத்தாவது சிறிது பயன் தரும். அதனைக் கட்டுரையாக எழுதி வெளியிடுகின்றார். ஆனால், இளம் ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கும் பதவிகளிற் பல இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தங்களே. குடும்பம் ஒன்று அமையும் வயதில், அடுத்த ஆண்டு எந்நகரில் வாழ்வோம் என்று அறியாத நிலை அமைகின்றது. நிலையான பதவிகளோ சில, நாடுவோரோ பலர். இவ்விடத்திலேதான் காரியாலயத்தின் விளம்பரம் அவர் கண்ணிற் படுகின்றது.

அதிற் கேட்கப்படும் தகுதிகள் யாவை? உறுப்பு நாடொன்றின் குடியுரிமை, விஞ்ஞானத்திலோ பொறியியலிலோ முழுமையான பட்டம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் ஆகிய மூன்று மொழிகளிலும் பழக்கம் என்பவை முதன்மையானவை. சட்டப் பட்டம் வேண்டப்படுவதில்லை. சட்டம் அங்கேயே கற்பிக்கப்படும். அனுபவம் மிக்க பரிசோதகர் ஒருவருடைய மேற்பார்வையிற் புதியவர் பயில்கின்றார். ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் பெற்றவர் மீண்டும் மாணாக்கராகி, தாம் எழுதிய முதல் அறிக்கை சிவப்பு மையினாலே திருத்தப்பட்டு வருவதைக் காண்கின்றார். இவ்வடக்கம் எல்லோர்க்கும் எளிதில் வாய்ப்பதன்று.

அவருடைய மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்துவிட்டதாகக் கொள்வோம். அதில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது விவரணம், இரண்டாவது வரைபடங்கள், மூன்றாவது கோரிக்கைகள். காணி உறுதியிலே வடக்கெல்லை, கிழக்கெல்லை என்று எல்லைகள் கூறப்படுமன்றோ? அதுபோல, ஆக்கத்தின் எல்லைகளைச் சொற்களினாலே வகுப்பது கோரிக்கை. ஒரு சொல்லைச் சேர்த்தால் எல்லை சுருங்கும். ஒரு சொல்லை நீக்கினால் எல்லை விரியும். விண்ணப்பித்தவர் எல்லையை விரிக்க முயல்வார். பரிசோதகர் அவர் உண்மையிற் செய்ததன் அளவுக்கு அதனை நிறுத்த முயல்வார். கருவியைக் கையாண்டு பழகிய பொறியியலாளருக்கு இங்கே கருவி சொல்லாகின்றது.

ஓர் எளிய உதாரணம் கற்பித்துக்கொள்வோம். ஒலியைப் பெருக்கும் கருவியில் இறுதிப் படியிலுள்ள திரான்சிற்றர் வேலை செய்யும்போது சூடேறும். சூடேறினால் அதனூடு செல்லும் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் மேலும் சூடேறும். இவ்வாறு பெருகிப் பெருகி ஈற்றில் அது எரிந்துபோதலும் கூடும். இதனைத் தடுப்பதற்கு, வெப்பத்தினால் மின்தடை மாறும் உறுப்பாகிய தேமிற்றர் ஒன்றைச் சுற்றில் அமைப்பது பழைய வழக்கம். நமது விண்ணப்பகாரர் கூறுவது இது: தேமிற்றரைச் சுற்றுப் பலகையில் வையாமல், திரான்சிற்றரின் வெப்பத்தைக் கடத்துவதற்கென அமைந்த உலோகத் தகட்டிலே பொருத்தினேன், இதுவே எனது ஆக்கம்.

பரிசோதகரின் முதற் கடமை தேடல். உலகத்து ஆக்கவுரிமை ஏடுகள் யாவும் பொருள்வாரியாகப் பாகுபாடு செய்யப்பட்டுள்ளன. 1971ஆம் ஆண்டு ஸ்ராஸ்பேர்க் உடன்படிக்கையாலே நிறுவப்பட்ட அனைத்துலகப் பாகுபாட்டில் ஏ முதல் எச் வரை எட்டுப் பெரும்பிரிவுகள் உண்டு. எச் என்பது மின்சாரம். அதனுள் எச் 03 எஃப் என்பது பெருக்கிகள். காரியாலயத்தின் சேகரத்திலே பத்துக் கோடிக்கு மேற்பட்ட ஏடுகள் இன்று கணினியிற் காணக் கிடைக்கின்றன. அவற்றுள் வேண்டியதைக் கண்டெடுத்தல் வைக்கோற் போரில் ஊசி தேடுதல் போன்றதாயினும், எந்த மூலையிலே தேடவேண்டும் என்று அறிந்தவருக்கு அது முற்றும் இயலாததன்று. அம்மூலையை அறிவதற்கே பொறியியற் பயிற்சி வேண்டியிருக்கின்றது.

தேடியதில் இரண்டு ஏடுகள் அகப்பட்டன என்று கொள்வோம். முதலாவது ஏட்டில் அதே பெருக்கி. ஆனால் தேமிற்றர் சுற்றுப் பலகையில் இருக்கின்றது. எனவே, விண்ணப்பகாரருடையது அதனின் வேறானது, புதுமை உண்டு. புதுமை மாத்திரம் போதாது. அத்துறையில் வல்ல ஒருவருக்கு இலகுவிற் புலப்படாததாகவும் இருத்தல் வேண்டும். இதனைச் சோதிப்பதற்கு ஐரோப்பியக் காரியாலயம் ஒரு முறையைக் கையாளுகின்றது. மிக நெருங்கிய பழைய ஏட்டை எடு. அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண். அவ்வேறுபாட்டால் விளையும் பயன் யாதெனக் கேள். அப்பயனிலிருந்து, தீர்க்கப்பட்ட பிரச்சினை யாதென வகு. அப்பிரச்சினையை எதிர்கொண்ட சாதாரண வல்லுநர் இத்தீர்வுக்கே வந்திருப்பாரா என ஆராய். நமது உதாரணத்திலே வேறுபாடு தேமிற்றர் இருக்கும் இடம். பயன், வெப்ப மாற்றத்தை அது விரைந்து உணர்தல். பிரச்சினை, வெப்பத்துக்கேற்ற திருத்தத்தை விரைவுபடுத்துவது எவ்வாறு என்பது. இரண்டாவது ஏடு ஒரு மின்வழங்கியைப் பற்றியது. விரைந்துணர்தல் வேண்டித் தேமிற்றரை உலோகத் தகட்டிலே பொருத்துக என்று அதில் எழுதியிருக்கின்றது. அவ்வாறாயின், வல்லுநர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து இம்முடிவுக்கு வந்திருப்பார். ஆகவே உரிமை மறுக்கப்படும்.

ஆனால், விண்ணப்பகாரர் எழுதும் மறுமொழியிலே, தகட்டின் ஒரு குறித்த இடத்திற் பொருத்தியபோது, அதுவரை எவரும் எதிர்பாராத வகையிற் பெருக்கியின் ஒலிச்சிதைவும் குறைந்தது என்று தம் முதல் விவரணத்திலே எழுதிவைத்த அளவீடுகளைச் சுட்டிக் காட்டுகின்றார் எனக் கொள்வோம். அப்போது நிலைமை மாறுகின்றது. கோரிக்கையை அக்குறித்த இடத்துக்குச் சுருக்கினால் உரிமை வழங்க இடமுண்டு. முதல் விவரணத்தில் இல்லாத ஒன்றைப் பின்னர்ப் புகுத்த மாத்திரம் சட்டம் இடந்தராது. இவ்வாறு கடிதங்கள் போய் வந்து, சில வேளை ஆண்டுகள் கழிந்தபின்னரே முடிவு பிறக்கும். முடிவு ஒருவருடையதன்று, மூன்று பரிசோதகர் கொண்ட குழுவினுடையது. உரிமை வழங்கப்பட்டதாக அறிவித்து ஒன்பது மாதங்களுக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அதற்கும் மேலே மேன்முறையீட்டுச் சபைகளும் உள.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கின்றது. நொடியொன்றின் விடையைக் கேட்டபின், அட, இதுதானா என்று நாம் சொல்வதில்லையா? விடை தெரிந்த நொடி எல்லோருக்கும் எளிது. விண்ணப்பத்தைப் படித்த பரிசோதகருக்கு விடை முன்னரே தெரியும். ஆதலால் எல்லாம் இலகுவானதாகவே தோன்றும். இவ்வெண்ணம் ஓங்கினால், மெய்யாகவே உழைத்து ஒன்றைக் கண்டவருக்கு அநீதி விளையும். இவ்விடத்திலே, ஆராய்ச்சிக் கூடத்திற் கழிந்த ஆண்டுகள் பரிசோதகருக்குக் கைகொடுக்கின்றன. விடை தெரியாத காலத்தில் இருட்டறையிலே தடவித் திரிந்ததும், ஒன்பது சோதனை வீணாய்ப்போனதும் அவர் நினைவில் இருக்கின்றன. தாளிலே ஒரு வரியாக முடியும் தீர்வு எத்தனை இரவுகளின் விளைவு என்பதை அவர் தம் அநுபவத்தால் அறிவார். அதே வேளை, அவ்வநுபவம் ஒரு தீங்கும் செய்யக்கூடும். இதனை நானும் பத்தாண்டுகளுக்கு முன் செய்தேனே என்று அவர் உள்ளம் சொல்லும். ஆனால், அவர் உள்ளம் சான்றாகாது. திகதியிட்ட ஏடு ஒன்றைக் காட்டினாலன்றி உரிமையை மறுக்க அவருக்கு அதிகாரமில்லை. தாம் அறிந்ததைக்கூட அறியாதவர்போல ஒதுக்கி வைத்துச் சான்றையே நாடும் ஒழுக்கம் அவருக்கு வேண்டும்.

இவ்வேலையின் விளைவுகள் எவ்வளவு பெரியவை என்பதற்கு இலத்திரனியலின் வரலாற்றிலிருந்தே இரண்டு சான்றுகள் காட்டலாம். யூலியஸ் லிலியன்பெல்ட் என்னும் பௌதிகவியலாளர், மின்புலத்தினால் மின்னோட்டத்தை ஆளும் திண்மப் பெருக்கி ஒன்றை விவரித்து 1926இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1930 சனவரியில் உரிமை பெற்றார். அக்காலத்தில் அதனைச் செய்து பயன்படுத்தத்தக்க தூய பொருள்கள் இல்லை. ஏடு உறங்கிக் கிடந்தது. 1947 டிசம்பரிலே பெல் ஆராய்ச்சிக் கூடத்திற் பார்டீனும் பிராட்டைனும் முதல் திரான்சிற்றரை இயக்கிக் காட்டினர். உரிமை கோரும் வேளை வந்தபோது, அவர்களுடைய தோழர் சொக்லி கருதியிருந்த மின்புலத் தத்துவத்தை அடிப்படையாக வைத்துக் கோருதல் இயலாது என்று அக்கூடத்துச் சட்ட அறிஞர்கள் கண்டனர். உறங்கிய ஏடு விழித்துக்கொண்டு வழிமறித்தது. ஆகவே, பார்டீன், பிராட்டைன் ஆகியோர் செய்த முனைத்தொடுகைக் கருவியே 1948இல் விண்ணப்பமாயிற்று. 1950இல் உரிமை பெற்றது. யாரும் வாங்காத, யாரும் செய்யாத ஒரு பொருளைப் பற்றிய ஏடாயினும், முன்னர் வெளிவந்தது முன்னர் வெளிவந்ததே.

மற்றது ஒருங்கிணைந்த சுற்றின் கதை. ஜக் கில்பி என்பவர் 1959 பெப்ரவரியிலும், றொபேட் நொய்ஸ் என்பவர் அதே ஆண்டு யூலையிலும் விண்ணப்பித்தனர். பின்னர் விண்ணப்பித்த நொய்ஸ் 1961இலே உரிமை பெற்றார். முன்னர் விண்ணப்பித்த கில்பிக்கு 1964இலேதான் கிடைத்தது. யார் முந்தியவர் என்னும் வழக்குப் பல ஆண்டுகள் நடந்தது. கில்பியின் படத்தில் உறுப்புகளை இணைத்தவை மேலே வளைந்து செல்லும் மெல்லிய தங்கக் கம்பிகள். மின்கடத்தும் பொருளைப் பரப்பின்மேல் இட்டு இணைக்கலாம் என்றும் அவர் எழுதியிருந்தார். இடுதல் என்னும் சொல், காவற்படையின்மேல் ஒட்டி நிற்றல் என்னும் பொருளைத் தருமா? 1969இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தராது என்று முடிவு செய்து நொய்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. உலகத்தையே மாற்றிய ஒரு தொழிலின் உரிமை ஒரு சொல்லின் பொருளிலே தங்கியிருந்தது. கில்பியின் பெருமை இதனாற் குன்றவில்லை. 2000ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார். எனினும், சொல்லை நிறுத்துப் பார்ப்பவருடைய தராசு எத்துணை நுண்ணியதாக இருத்தல் வேண்டும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

இனி, நமது பொறியியலாளர் இழப்பது யாது, பெறுவது யாது என்று பார்ப்போம். இழப்பைச் சிறிதென்று கூறுதல் நேர்மையன்று. கையாற் செய்து கண்ணாற் காணும் இன்பம் போய்விடுகின்றது. தம் பெயரில் வெளிவரும் கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. வெளியிடப்படாத விண்ணப்பங்கள் பதினெட்டு மாதம் வரை இரகசியமானவை. ஆதலால், பகலிலே படித்த வியத்தகு செய்தியை மாலையிலே நண்பருக்குச் சொல்லவும் முடியாது. அமெரிக்காவிலோ, காரியாலயத்தில் வேலை செய்யும் காலத்திலும் அதன்பின் ஓராண்டிலும் பணியாளர் தாமே ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தலைச் சட்டம் தடுக்கின்றது. ஆராய்ச்சியாளர் ஒரு கேள்வியோடு ஓராண்டு வாழலாம். பரிசோதகருக்கு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அளந்த நாள்களே உள்ளன. ஒன்று முடிந்தால் அடுத்தது காத்திருக்கும்.

பெறுவதும் சிறிதன்று. நிலையான வாழ்வு கிடைக்கின்றது. ஒரே பெருக்கியிற் கிடந்த அறிவு பல துறைகளுக்கு விரிகின்றது. நாளைக்குக் கடைக்கு வரவிருக்கும் பொருளை இன்றைக்கே படிக்கும் வாய்ப்புண்டு. எழுத்திலே தெளிவும் எண்ணத்திலே நடுநிலையும் வளர்கின்றன. இவற்றினும் மேலாக, தாம் இடும் கையெழுத்தினாற் பொதுமக்களுக்கு ஒரு நன்மை உண்டு என்னும் நிறைவும் கிடைக்கின்றது. தகாத உரிமை ஒன்று வழங்கப்பட்டால், தம் சிறு பட்டறையிலே அப்பொருளை நெடுங்காலமாகச் செய்துவந்த ஏழைத் தொழிலாளியும் வழக்குக்கு அஞ்சிக் கைவிட நேரும். தகுந்த உரிமை மறுக்கப்பட்டால், பொருள் பலமில்லாத ஆக்குநரின் உழைப்பைச் செல்வம் மிக்க கம்பனிகள் விலையின்றி எடுத்துக்கொள்ளும். இவ்விரு தவறுகளுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதையொன்று உண்டு. அதில் நடப்பதே பரிசோதகரின் தொழில்.

இத்தொழிலின் வாயிலாக அறிவு மங்கிவிடும் என்று அஞ்சுவோர்க்கு ஒரு பெயரை நினைவூட்டலாம். 1902ஆம் ஆண்டு யூன் மாதம், பேர்ண் நகரிலுள்ள சுவிற்சர்லாந்து ஆக்கவுரிமைக் காரியாலயத்தில், மூன்றாந் தரத் தொழில்நுட்ப வல்லுநராக ஓர் இளைஞர் சேர்ந்தார். பல்கலைக்கழகப் பதவி தேடிக் கிடையாது வந்தவர் அவர். 1905ஆம் ஆண்டிலே, அம்மேசையில் இருந்துகொண்டே, ஒளித்துணிக்கை பற்றியும் சார்புக் கொள்கை பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகள் பௌதிகவியலையே திருப்பிவிட்டன. 1906இல் இரண்டாந் தரத்துக்கு உயர்த்தப்பட்டார். 1909இலே பல்கலைக்கழகப் பதவி ஏற்று நீங்கினார். அவர் அல்பேர்ட் ஐன்ஸ்ரைன். எல்லாப் பரிசோதகரும் ஐன்ஸ்ரைன் ஆகார். அப்படி எதிர்பார்த்தலும் தகாது. ஆனால், படத்தையும் சொல்லையும் ஊடுருவிக் கருவியின் உட்கருத்தைக் காணும் பழக்கம் ஓர் அறிவுக்கு இடையூறாகவில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

இன்னொருவர் செஸ்ரர் கார்ல்சன். அவர் அரசாங்கப் பரிசோதகர் அல்லர். விண்ணப்பகாரர் பக்கத்தில் இருந்து உழைத்தவர். 1930இற் பௌதிகப் பட்டம் பெற்றுப் பெல் ஆராய்ச்சிக் கூடத்திற் சேர்ந்து, அங்கேயே ஆக்கவுரிமைப் பகுதிக்கு மாறினார். பின்னர் வேலை இழந்து, மின்னுறுப்புகள் செய்யும் ஒரு கம்பனியின் ஆக்கவுரிமைப் பகுதியில் அமர்ந்தார். ஏடுகளுக்கும் படங்களுக்கும் பிரதிகள் போதாமல் அவர் பட்ட துன்பமே, உலர்முறைப் பிரதி எடுக்கும் வழியை நாடச் செய்தது. 1938 ஒக்டோபர் 22இல் முதற் பிரதி எடுத்தார். 1942இல் உரிமை பெற்றார். இன்று நமது கடைத்தெருக்களிலே பிரதி எடுக்கும் பொறி அவ்வழியில் வந்தது. ஆராய்ச்சியைவிட்டு ஏட்டுப் பணிக்குப் போனவரை ஏடே ஆராய்ச்சிக்குத் திருப்பி அனுப்பியது என்று சொல்லலாம்.

நேயர்களே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். ஆராய்ச்சிக் கூடத்தை விட்டுப் பரிசோதகராகும் பொறியியலாளர் உயர்ந்தாரா, தாழ்ந்தாரா? புதியன காண்பதிலேயே உயிர் வைத்தவருக்கு இம்மேசை சிறையாகும். அவர் வராதிருத்தல் அவருக்கும் நல்லது, விண்ணப்பகாரருக்கும் நல்லது. ஒரு பொருளைப் பல கோணங்களில் நின்று பார்த்து, உண்மையை உண்மையின் அளவுக்கே சொல்லுவதில் இன்பங் காண்பவருக்கோ, இதுவும் ஆராய்ச்சியே. கூடத்திலே அவர் இயற்கையை நோக்கி, இது மெய்யா என்று கேட்டார். இங்கே மனிதனுடைய கூற்றை நோக்கி அதே கேள்வியைக் கேட்கின்றார்.

இப்பேச்சைக் கேட்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். ஐரோப்பியக் காரியாலயம் தன் உறுப்பு நாட்டவரையே பணிக்கு ஏற்கும். எனவே, அப்பதவி நம்மிற் பெரும்பாலோர்க்கு உரியதன்று. ஆயினும், அங்கே குவிந்துள்ள ஏடுகள் எல்லோர்க்கும் உரியவை. அவற்றைக் கணினி வாயிலாக இலவசமாகப் படிக்கலாம். ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு வேறானது. ஐரோப்பாவிலே பெற்ற உரிமை கொழும்பிலே செல்லாது. காலங் கடந்த உரிமைகளோ எந்நாட்டிலும் பொதுச் சொத்தே. ஒரு சுற்றை அமைக்கப் புகுமுன், அதனை முன்னர் அமைத்தவர் யாவர், எங்கே இடறினர், எவ்வாறு எழுந்தனர் என்று அவ்வேடுகளில் தேடிப் பாருங்கள். முன்னோர் செய்ததை அறிந்தவனே, தான் செய்வது புதிதா அல்லவா என்று அறிவான். எங்கோ ஒரு தொலைநகரத்திலே, மேசை விளக்கின் கீழிருந்து, பெயர் அறியப்படாத ஒருவர் நாள்தோறும் செய்யும் பணி இதுவே. அதனை நமக்காக நாமே சிறிது செய்து பழகினால் நமது நாட்டின் ஆக்கமும் பெருகும்.